வருஷத்துக்கு நாற்பது நிமிஷம்: வீட்டு விறகுக்கு எந்த செயின்சா?

"நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு."

இந்த வாக்கியத்தை வீட்டில் கேட்காத ஆள் நம்ம காலேஜில் இருக்க முடியாது. மிக்ஸி, போர் மோட்டார், இன்வெர்ட்டர், பைக்... எது வாங்கினாலும் நம்மகிட்ட வந்து நிப்பாங்க. நாமளும் போனை எடுத்து, நாலு ஸ்பெக்கைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, பெரிய நம்பர் எதுவோ அதைக் காட்டிடுவோம். நான் அப்படிக் காட்டின ஒரு பதில், இப்போ என் சித்தப்பா தோளில் பதினோரு தையல் போட்ட தழும்பா இருக்கு.

அதனாலதான் இந்தக் கட்டுரை. வீட்டுக்கு எப்பவாவது விறகு அறுக்க ஒரு செயின்சா வாங்கணும்னா எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் கணக்கோடு எழுதியிருக்கேன். படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம், அதனால தமிழில் தடுமாற்றம் இருந்தா பொறுத்துக்கோங்க. டெக்னிக்கல் வார்த்தைகளைக் கடையில் எப்படிச் சொல்றாங்களோ அப்படியே விட்டிருக்கேன்.

என்ன நடந்தது?

எங்க ஊர் இலத்தூர், தென்காசி பக்கம். குற்றாலத்தில் சாரல் விழுற ஆனி, ஆடி மாசத்தில் ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற காற்று எங்க ஊரையும் சேர்த்து அடிக்கும். வீட்டில் கேஸ் இருக்கு. ஆனாலும் புறவாசலில் ஒரு வெந்நீர் அடுப்பு உண்டு. சாரல் காலத்தில் ஆச்சிக்கு அது எரியாம விடியாது.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆடிக் காற்றில் எங்க தோட்டத்து வேம்பு ஒண்ணு சாய்ஞ்சது. அது வரைக்கும் கோடாலிதான். சித்தப்பாவுக்கு நாப்பத்தெட்டு வயசு, இடுப்பு வலி வேற. "ஏல, ஒரு மெஷின் பாரு, இனி என்னால கோடாலி தூக்க முடியாது" என்றார். நான் அரை மணி நேரம் போனில் தேடி, 58 சிசி, 22 இன்ச் பார், பெட்ரோல் மெஷின் ஒண்ணை எடுத்துக் கொடுத்தேன். விலை குறைவு, நம்பர் பெரிசு. ஹாஸ்டலில் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பெருமையா காட்டவும் செஞ்சேன்.

அடுத்த லீவுக்குப் போனப்போதான் அறுத்தோம். சித்தப்பா சாரம் கட்டிக்கிட்டு, தோளில் துண்டோட, வெறுங்காலில் நின்னார். நான் கட்டையின் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டேன். கட்டை சுமார் 15 செ.மீ. கனம். பார் 56 செ.மீ. நீளம். அப்போ 40 செ.மீ. பார் கட்டைக்கு அந்தப் பக்கம் சும்மா நீட்டிக்கிட்டு இருக்கு. அதன் முனை பின்னாடி குவியலில் கிடந்த இன்னொரு கட்டையில் பட்டதை நாங்க ரெண்டு பேருமே பார்க்கலை. மெஷின் ஒரே துள்ளா மேல எழும்பி அவர் இடது தோளுக்கு வந்தது. தோளில் கிடந்த துண்டு செயினில் சுத்தி மாட்டி, மெஷின் அப்படியே நின்னுபோச்சு. துண்டு இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர் சொல்லலை. நாங்களும் கேட்கலை.

மெஷின் எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. தப்பு என் தேர்வில் இருந்தது. அந்தத் தப்பைப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல் கேள்வி: வருஷத்துக்கு எவ்வளவு அறுக்கப் போறீங்க?

நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இப்போ கேட்போம். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் போதும்.

வீட்டில் நாலு பேர். ஆளுக்கு 20 லிட்டர் வெந்நீர், மொத்தம் 80 லிட்டர். தண்ணியை 25 டிகிரியில் இருந்து 45 டிகிரிக்குக் கொண்டு போகணும். தண்ணியின் ஸ்பெசிஃபிக் ஹீட் 4.2. அப்போ 80 × 4.2 × 20 = 6720 கிலோஜூல், சுமார் 6.7 மெகாஜூல்.

மூணு கல் அடுப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி பக்கவாட்டிலும் புகையிலும் போயிடும். பாத்திரத்துக்குள் போறது 12 சதவீதம்னு வச்சுக்கலாம். 6.7-ஐ 0.12-ஆல் வகுத்தா 56 மெகாஜூல். நல்லா காய்ஞ்ச விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15 மெகாஜூல் தரும். ஆக, ஒரு நாளைக்கு நாலு கிலோ விறகு.

சாரல் மாசங்கள், அப்புறம் ஐப்பசி மழை, மார்கழிக் குளிர் எல்லாம் சேர்த்து 150 நாள் அடுப்பு எரியுதுன்னு வைங்க. 600 கிலோ. நெல் அவிக்கிறது, பொங்கல், கொடை என்று சேர்த்தாலும் கொஞ்சம்தான் கூடும்.

இப்போ அறுப்புக்கு வருவோம். 15 செ.மீ. கனம், 40 செ.மீ. நீளம் உள்ள ஒரு துண்டு சுமார் 5 கிலோ இருக்கும். 600 கிலோவுக்கு 120 துண்டு, அதாவது 120 அறுப்பு. ஒரு அறுப்புக்கு 20 நொடி. மொத்தம் 2400 நொடி.

நாற்பது நிமிஷம். ஒரு முழு வருஷத்துக்கும் அவ்வளவுதான்.

இந்த நம்பரைப் பார்த்ததும் நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். 58 சிசி மெஷினை வாங்கினது நாற்பது நிமிஷ வேலைக்கு. உங்க வீட்டுக்கு நம்பர் மாறும். பேக்கரி, டீக்கடை, கருப்பட்டி காய்ச்சுற இடம் என்றால் கதையே வேற. ஆனா சாதாரண வீட்டுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. கடைக்குப் போகும் முன்னாடி இந்தக் கணக்கை உங்க வீட்டுக்குப் போட்டுப் பாருங்க. மத்த எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்: மெஷின் நாற்பது நிமிஷம் எப்படி ஓடுது என்பதைவிட, மீதி வருஷம் முழுக்க எப்படிச் சும்மா கிடக்கப் போகுது என்பதுதான் பெரிய விஷயம். ரெண்டாவது, வருஷத்துக்கு நாற்பது நிமிஷம் மட்டும் பிடிக்கிற கைக்கு எந்தக் காலத்திலும் பழக்கம் வராது. பழகாத கைக்கு ஏத்த மெஷினைத்தான் வாங்கணும்.

பார் நீளம்: பெரிசு வேண்டாம்

செயின் ஓடுற தட்டையான நீளத் தகடுதான் பார். செயின் பாரின் அடிப்பக்கம் உங்களை நோக்கி வரும், மேல்பக்கம் உங்களை விட்டு வெளியே போகும். அடிப்பக்கத்தில் அறுத்தா மெஷின் கட்டையை நோக்கி இழுக்கும். மேல்பக்கத்தில் அறுத்தா உங்களை நோக்கித் தள்ளும். இது ரெண்டும் சமாளிக்கக்கூடியது. நியூட்டனின் மூணாவது விதி, அவ்வளவுதான்.

ஆபத்து முனையில் இருக்கு. முனையை நாலு கால்வாசியாப் பிரிச்சா, மேல் கால்வாசியில் ஏதாவது பட்டால் பல் கட்டையைக் கடிச்சு நிக்கப் பார்க்கும். செயினில் இருக்கிற வேகம் முழுக்க பாரை மேலேயும் பின்னாடியும் சுழற்றும். இதைத்தான் கிக்பேக் என்கிறாங்க. இது நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிஞ்சிடும். நம்ம மூளை பார்த்து, புரிஞ்சு, கையை நகர்த்த அதைவிட அதிக நேரம் ஆகும். "ஜாக்கிரதையா இருந்தா போதும்" என்பது இங்கே வேலைக்கு ஆகாது. சித்தப்பா ஜாக்கிரதையாத்தான் இருந்தார்.

நாம செய்யக்கூடியது, முனை எங்கே இருக்குன்னு எப்பவும் கண்ணுக்குத் தெரியற மாதிரி வச்சுக்கிறது. அதுக்கு பார் சின்னதா இருக்கணும். நீங்க வழக்கமா அறுக்கிற கட்டையின் கனத்தைவிட ஒரு சாண் கூடுதல் போதும். 15-20 செ.மீ. கட்டைக்கு 12 அல்லது 14 இன்ச் சரி. கரண்டில் ஓடும் மெஷின்கள் பெரும்பாலும் 16 இன்ச்சில்தான் கடையில் இருக்கும், அது வரைக்கும் பரவாயில்லை. 22 இன்ச் என்பது பெரிய மரத்தைச் சாய்க்கிறவங்களுக்கு. அந்த வேலையை நாம செய்யப் போறதில்லை.

பெட்ரோலா, கரண்டா, பேட்டரியா?

*பெட்ரோல்.* டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் 2டி ஆயில் கலக்கணும். மேனுவலில் 50:1 என்று இருந்தா லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்று இருந்தா 40 மி.லி. கண் அளவு போட்டா பிஸ்டன் இறுகும், இல்லைன்னா ப்ளக் கருகும். எங்கே வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம் என்பது இதோட பெரிய பலம். கரண்ட் இல்லாத தோட்டத்தில் வேற வழி இல்லை.

ஆனா சும்மா கிடக்கிறது இதுக்கு ஆகாது. டேங்கில் விட்ட பெட்ரோல் சில மாசத்தில் ஆவியாகி, கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளில் பிசின் மாதிரி படியும். இப்போ நம்ம பங்கில் கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் டயாஃப்ரமையும் ட்யூபையும் கெடுக்கும். பல சின்ன எஞ்சின்களின் மேனுவலில் 10 சதவீதம் வரைக்கும்தான் அனுமதி போட்டிருக்கும். வாங்கும் முன்னாடி அந்த வரியைத் தேடிப் படிங்க. வேலை முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணி, எஞ்சின் தானா நிக்கிற வரை ஓட விட்டுத்தான் எடுத்து வைக்கணும். நாங்க அதைச் செய்யலை. தையல் ஆறி, அடுத்த வருஷம் விற்கலாம்னு எடுத்துப் பார்த்தா, கயிறை இழுத்து இழுத்துக் கை வலிச்சதுதான் மிச்சம்.

*கரண்ட்.* 1926-ல் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டில் செஞ்ச முதல் செயின்சாவே கரண்டில் ஓடினதுதான். 2.2 கிலோவாட், 64 கிலோ எடை, ரெண்டு பேர் பிடிக்கணும். இன்னிக்கு ஏறக்குறைய அதே பவர் நாலஞ்சு கிலோ மெஷினில், ஒரு ஆள் கையில் கிடைக்குது. கார்புரேட்டர் இல்லை, ப்ளக் இல்லை, பெட்ரோல் இல்லை. பதினோரு மாசம் மச்சில் கிடந்தாலும் ஸ்விட்சை அமுக்கினா ஓடும். ட்ரிகரை விட்டா நிக்கும். நம்ம நாற்பது நிமிஷத்துக்கு 2000 வாட் மெஷின் தின்கிற கரண்ட் ஒண்ணேகால் யூனிட் சொச்சம்தான்.

இதோட பிரச்சினை வயர். இங்கேதான் இஇஇ நண்பர்கள் சிரிக்கக் கூடாது, நானும் கணக்குப் போட்டுட்டேன். 2000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் கல்யாணத்துக்கு சீரியல் லைட் போட்ட 0.75 ஸ்கொயர் எம்.எம். வயரை 30 மீட்டருக்கு இழுத்தீங்கன்னா, போய் வர 60 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் ஒன்றரை ஓம். 14 வோல்ட் வயரிலேயே போயிடும். 126 வாட் சூடு வயரில் இறங்கும். அதைச் சுருட்டி வச்சபடியே ஓட்டினா உருகும். இதே நீளத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் போட்டா நாலு வோல்ட் சொச்சம்தான் குறையும். சாயங்காலம் ஏற்கெனவே லோ வோல்ட்டேஜ் இருக்கிற ஊர்களில் இந்த வித்தியாசம்தான் மோட்டாரைக் காப்பாத்தும். ப்ளக்கை 16 ஆம்பியர் சாக்கெட்டில் போடுங்க, டிவி சாக்கெட்டில் வேண்டாம். லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க. சாரல் தூறும்போது, ஈரத்தரையில், கண்டிப்பா ஓட்டக் கூடாது. வயரைத் தோளுக்குப் பின்னாடி விட்டுக்கிட்டா செயினுக்குக் குறுக்கே வராது.

*பேட்டரி.* கத்திரிக்கோல் மாதிரி ஒரு கையில் பிடிக்கிற 4, 6 இன்ச் குட்டி மெஷின்கள் இப்போ நிறைய வருது. முருங்கைக் கிளை, கொய்யாக் கிளை கழிக்க அருமை. விறகுக்குப் பத்தாது. பெரிய பேட்டரி மெஷினுக்கும் கணக்கு இருக்கு: 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 90 வாட்-அவர்தான். 1000 வாட்டில் 20 நொடி அறுத்தா ஒரு அறுப்புக்கு ஐந்தரை வாட்-அவர் போகும். பதினஞ்சு அறுப்பில் தீர்ந்திடும். தவிர, லித்தியம் பேட்டரி ஓட்டினாலும் ஓட்டாட்டியும் வயசாகும். பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைக்கணும். ஓட்டுக்கூரை மச்சு சரிப்படாது. ட்ரில், கிரைண்டர் என்று அதே பேட்டரியில் வேற டூல்ஸ் வீட்டில் இருந்தா யோசிக்கலாம்.

ஆக, வீட்டு முற்றத்துக்கு விறகைக் கொண்டுவந்து அறுக்கிறவங்களுக்குக் கரண்ட் மெஷின். கரண்ட் எட்டாத தோட்டத்திலேயே அறுக்கணும்னா 30-லிருந்து 40 சிசிக்குள், 14 அல்லது 16 இன்ச் பாரோட, பக்கத்து டவுனில் சர்வீஸும் ஸ்பேரும் கிடைக்கிற பெட்ரோல் மெஷின். அதுக்கு மேல வேண்டாம்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

1. செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு முன்னாடி ஒரு தடுப்பு இருக்கும். அதை முன்னே தள்ளினா செயின் நிக்கணும். பின்னே இழுத்தா ஓடணும். சில மலிவு மெஷின்களில் தடுப்பு மட்டும் இருக்கும், பிரேக் பேருக்குத்தான். கடைக்காரரை ஓட்டச் சொல்லி, உங்க கண் முன்னாடி தள்ளிக் காட்டச் சொல்லுங்க. கூச்சப்படாதீங்க.

2. எடை. பெட்டியில் போட்டிருக்கிற எடையில் பாரும் செயினும் ஆயிலும் சேராம இருக்கலாம். முழுசா மாட்டினதைத் தூக்கிப் பாருங்க. யார் அறுக்கப் போறாங்களோ அவரைக் கூட்டிட்டுப் போய்த் தூக்கச் சொல்லுங்க.

3. செயின் நம்பர். பிட்ச், கேஜ், ட்ரைவ் லிங்க் எண்ணிக்கை, இந்த மூணும் பொருந்தினாத்தான் வேற செயின் மாட்டும். பிட்ச் என்பது அடுத்தடுத்த மூணு ரிவெட்டின் தூரத்தில் பாதி. இது பாரில் பொறிச்சிருக்கும். அதே செயின் தென்காசியில் கிடைக்குமா என்று கேட்டுக்கிட்டு வாங்குங்க. லோ-கிக்பேக் செயின் இருந்தா அதையே கேளுங்க.

4. ஆயில் பம்ப். செயினுக்குத் தானா ஆயில் விடணும். வெளிறின கட்டை மேல முனையைக் காட்டி ஓட்டினா மெல்லிசா ஆயில் கோடு தெறிக்கணும்.

5. செயினை இறுக்குற ஸ்க்ரூ. கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும். புது செயின் முதல் பத்து நிமிஷத்திலேயே தளரும்.

மெஷின் பட்ஜெட்டில் இருந்தே கண்ணாடி, காதுக்கு மஃப், கிளவுஸ், ஷூ, ஹெல்மெட்டுக்குப் பணம் ஒதுக்குங்க. பெட்ரோல் மெஷின் 100 டெசிபலுக்கு மேல கத்தும். காலுக்கு 'சாப்ஸ்' என்று ஒரு உறை உண்டு. அதன் உள்ளே நீள நீள நார் அடுக்கியிருக்கும். செயின் பட்டதும் நார் வெளியே வந்து ஸ்ப்ராக்கெட்டில் சுத்தி மெஷினை நிறுத்திடும். சித்தப்பாவின் துண்டு அன்னிக்குத் தற்செயலா செஞ்ச வேலை அதுதான். அதுக்காகத் துண்டு போட்டுக்கிட்டு அறுத்திடாதீங்க. தொங்குற துணி நூறில் தொண்ணூத்தொம்பது தடவை உங்களைத்தான் செயினுக்குள் இழுக்கும். சாரம், துண்டு, வேட்டி எதுவும் கூடாது. பேன்ட், இறுக்கமான சட்டை.

அறுக்கும்போது: எஸ்ஓஎம் பேப்பர் ஞாபகம் இருக்கா?

செமஸ்டரில் பென்டிங் மொமென்ட் டயகிராம் வரைஞ்சது இங்கேதான் உதவுது. கட்டையின் ரெண்டு முனையும் தாங்கியிருக்கு, நடுவில் அறுக்கிறீங்க. அது சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம். மேல்பக்கம் கம்ப்ரஷன், அடிப்பக்கம் டென்ஷன். மேலிருந்தே முழுசா அறுத்தா வெட்டு மூடிக்கிட்டு பாரைக் கவ்விடும். மேலிருந்து மூணில் ஒரு பங்கு, அப்புறம் அடியில் இருந்து மீதி.

ஒரு முனை வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற கட்டை கேன்டிலீவர். எல்லாம் தலைகீழ். முதலில் அடியில் இருந்து மூணில் ஒரு பங்கு, அப்புறம் மேலிருந்து. கவ்வவும் கவ்வாது, பட்டை உரிஞ்சு தொங்கவும் தொங்காது. வீட்டு விறகுக்கு இந்த ரெண்டாவது முறைதான் சுலபம். அதுக்குப் பெருக்கல் குறி மாதிரி ரெண்டு ஜோடிச் சட்டம் அடிச்சு, குறுக்கே இணைச்சு ஒரு விறகுத் தாங்கி செஞ்சுக்கோங்க. தரையில் போட்டு அறுக்காதீங்க. மண் ஒரு தடவை பட்டாலே பல் மழுங்கிடும். யாரையும் கட்டையைப் பிடிக்கச் சொல்லாதீங்க. நான் பிடிச்சது பெரிய முட்டாள்தனம்.

இன்னொண்ணு, செயின்சா குறுக்கே அறுக்கத்தான். நீளவாக்கில் பிளக்கக் கோடாலியும் ஆப்பும் போதும். பிளக்கிறதுக்கு மெஷின் தேவையே இல்லை.

மழுங்கின பல்தான் ஆபத்து

1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கிட்டு இருந்த ஜோசப் காக்ஸ், ஒரு அடிமரத்தில் வண்டின் புழு ஒண்ணு இடமும் வலமுமா மாத்தி மாத்தி மரத்தை அரிச்சுக்கிட்டுப் போறதைப் பார்த்தார். அதே மாதிரி இடது பல், வலது பல் என்று மாறி மாறி வர்ற வளைஞ்ச பல்லை செயினில் வச்சார். இன்னிக்கு நம்ம கையில் இருக்கிற செயின் அந்த வழியில் வந்ததுதான். பல் சீவும், அதுக்கு முன்னாடி இருக்கிற சின்ன முட்டு எவ்வளவு ஆழம் சீவணும்னு முடிவு பண்ணும்.

கூர் இருக்கான்னு பார்க்க மீட்டர் வேண்டாம். கீழே விழுறதைப் பாருங்க. சிம்பு சிம்பா விழுந்தா கூர் இருக்கு. மாவு மாதிரி விழுந்தா மழுங்கியாச்சு. மழுங்கினா நாம அழுத்துவோம். அழுத்தும்போது கட்டை திடீர்னு விட்டா பிடி தவறும். உருட்டு அரம் போதும்: 3/8 லோ-ப்ரொஃபைல் செயினுக்கு 4 எம்.எம்., .325 செயினுக்கு 4.8 எம்.எம். சுமார் 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்கணும். சீமைக் கருவேல் அறுக்கிறவங்க அடிக்கடி தேய்க்க வேண்டி வரும், அவ்வளவு கெட்டி.

ஆயில் டேங்கில் பைக்கில் இருந்து வடிச்ச பழைய ஆயிலை ஊத்துற பழக்கம் ஊரில் இருக்கு. அதில் இரும்புத் துகள் இருக்கும், பாரின் காடியைத் தேய்ச்சிடும். அந்த விறகை எரிச்சா அந்தப் புகையும் நமக்குத்தான்.

எப்போ அறுக்கணும்?

பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணி. அந்தத் தண்ணியை ஆவியாக்கவே சூடு செலவாகும். ஒரு கிலோ பச்சை விறகு தர்ற சூடு, நல்லா காய்ஞ்ச ஒரு கிலோ தர்றதில் பாதிக்குக் கொஞ்சம் மேலதான். ஈரம் பெரும்பாலும் அறுத்த முகத்தின் வழியாத்தான் வெளியேறும். அதனால சின்னத் துண்டா அறுத்து, பிளந்து வச்சா சீக்கிரம் காயும். எங்க ஊர்க் கணக்குக்கு மாசி, பங்குனியில் அறுத்துப் பிளந்து அடுக்கிட்டா ஆனி சாரலுக்கு முன்னாடி ரெடி. ஈரத்தில் மெஷின் ஓட்ட வேண்டியதும் இல்லை.

வாங்காமலே முடியாதா?

முடியும். நாற்பது நிமிஷ வேலைக்கு மெஷினோட வர்ற ஆளைக் கூலிக்குக் கூப்பிட்டா அரை நாளில் ஒரு வருஷ விறகு முடிஞ்சிடும். தினமும் பிடிக்கிற கை அது. ரெண்டு மூணு வீடு சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டா இன்னும் லாபம். ஆறு, ஏழு செ.மீ. கனத்துக்குக் கீழே உள்ள கொப்புக்கு சில நூறு ரூபாய் வில் ரம்பமே போதும். செங்கோட்டைப் பக்கம் மர அறுவை மில்களில் கழிவு மரப்பட்டை விறகாக் கிடைக்குதான்னு விசாரிங்க. தென்னை உள்ள வீட்டில் மட்டை, கொதும்பு, சிரட்டைக்கு அரிவாள் போதும்.

மரத்தைச் சாய்க்கிறது மட்டும் எந்த மெஷின் வாங்கினாலும் நம்ம வேலை இல்லை. காற்றில் சாய்ஞ்சு இன்னொரு மரத்தில் மாட்டியிருக்கிற மரமும் அப்படித்தான். அதுக்குத் தெரிஞ்ச ஆள் வேணும்.

மெஷின் கையில் இருந்தா எதையும் அறுக்கலாம்னு தோணும். குளத்துக்கரை மரம், ரோட்டோர மரம் நம்ம மரம் இல்லை. காப்புக்காட்டுக்குள் வெட்டுறது தமிழ்நாடு வனச் சட்டத்தில் குற்றம். சொந்த நிலத்தில் நிக்கிற பனையாவே இருந்தாலும் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல் அரசு அறிவிச்சிருக்கு.

கடைசியா நாங்க என்ன செஞ்சோம்?

பழைய மெஷினை விற்கலை. அதை வேற யார் கையிலாவது கொடுக்க சித்தப்பாவுக்கு மனசு வரலை. செயினைக் கழட்டி எடுத்துட்டு, எஞ்சினை எனக்குப் பிரிச்சுப் பார்க்கக் கொடுத்துட்டார். கார்புரேட்டர் உள்ளே பிசின் படிஞ்சிருந்ததை நான் பார்த்தது அப்படித்தான்.

இந்தத் தடவை நான் போனை எடுக்கலை. ஒரு நோட்டில் மேலே உள்ள கணக்கை எழுதி, சித்தப்பாவையே கூட்டிக்கிட்டு தென்காசிக் கடைக்குப் போனேன். 16 இன்ச், 2000 வாட், கரண்ட் மெஷின். 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர் 30 மீட்டர். ஒரு வில் ரம்பம். ஹெல்மெட், கண்ணாடி, கிளவுஸ். கடைக்காரர் 22 இன்ச் பெட்ரோல் மெஷினைக் காட்டி, "இது இன்னும் பவர் சார்" என்றார். சித்தப்பா சட்டைக் காலரைக் கொஞ்சம் விலக்கித் தழும்பைக் காட்டினார். அவர் அப்புறம் ஒண்ணும் சொல்லலை. பிரேக்கைத் தள்ளிக் காட்டினார்.

பங்குனியில் அறுத்தோம். சித்தப்பா பேன்ட் போட்டு, ஷூ மாட்டி, ஹெல்மெட்டோட நிக்கிறதைப் பார்த்து ஆச்சி, "எந்த ஊருக்குடே சண்டைக்குப் போற?" என்று கேட்டாள். நான் ஆறு அடி தள்ளி நின்னு போனில் டைம் பார்த்தேன். 112 துண்டு. மெஷின் ஓடின நேரம் முப்பத்தேழு நிமிஷம். கணக்கு மூணு நிமிஷம்தான் தப்பு.